கிரேன் மேலே ஒரு கிறுகிறுப்பு

மார்ச் 4

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். எழுத்தில் திட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, அந்த வசதி இருக்கிறது.

ஒரு விஷயம், உனக்கு மட்டும். கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது. கேபின் நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. நேற்று உட்கார்ந்திருக்கும்போதே வந்துவிட்டது. கொக்கியில் கம்பிக்கட்டு தொங்குகிறது, கீழே உன் தம்பி ‘இறக்கு’ என்று கையாட்டுகிறான், எனக்கோ அவன் இரண்டாகத் தெரிகிறான். ஒரு மச்சானையே சமாளிக்க முடியவில்லை!

புதுக் கண்ணாடிதான் காரணமாக இருக்கும். அவனிடம் மூச்சு விடாதே. என்ஜினீயர் காதுக்குப் போனால் என்னைக் கீழே இறக்கிவிடுவார். இருபது வருஷமாக மேலேயே இருந்தவனுக்குத் தரையில் என்ன வேலை தெரியும்?

உன் கழுகு

மார்ச் 10

அன்புள்ள கழுகாருக்கு,

சிரிப்பு வரவில்லை. எனக்கென்று சொல்லி மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். “பசியா இருக்கலாம், ரத்தக் குறைவு, பிரஷர், சுகர், காதுக்குள்ள கோளாறு, சரியா தண்ணி குடிக்காதது, எதுவா வேணா இருக்கலாம்க்கா. கடையில நின்னு சொல்ற விஷயமில்ல, டாக்டரப் பாருங்க”ன்னார். கண்ணாடி பாவம், அதை விட்டுவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை ஏணியில் கால் வைக்காதீர்கள்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். அந்த வேலையில் சேர்த்துவிட்டது நீங்கள். அவன் நிற்பது உங்கள் கொக்கிக்குக் கீழே. எனக்குத் தையல் மிஷினில் கை ஓடவில்லை.

உங்கள் மனைவி

மார்ச் 17

என் வீட்டு டாக்டரம்மாவுக்கு,

இங்கே இருப்பது கம்பெனி டாக்டர், அவரிடம் போனால் விஷயம் நேரே என்ஜினீயரிடம் போகும். தண்ணீர் என்கிறாய். காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறேன். அந்த உயரத்தில் ஒதுங்க இடம் ஏது? அதனால் எழுந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் தொடமாட்டேன். அவசரம் என்று நடுவில் இறங்குகிறவனை சைட்டே கேலி செய்யும். இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட இறங்கியதில்லை.

இன்று கம்பிக்கட்டு லேசாகச் சுவரில் இடித்தது. உன் தம்பி துள்ளி விலகிவிட்டு, “என்ன மாமா, தூக்கமா?” என்று சிரித்தான். ஒன்றும் ஆகவில்லை. நீ துணியைத் தை, நான் கிரேனை ஓட்டுகிறேன்.

கழுகு

மார்ச் 22

அன்புள்ள உங்களுக்கு,

‘ஒன்றும் ஆகவில்லை’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்று என்ஜினீயருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் திட்டுவீர்கள், தெரியும். திட்டுவதற்கு நீங்களும், அதைத் தட்டிக் கேட்பதற்கு அவனும் உயிரோடு இருந்தால் போதும்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 15

தம்பி உடையவளுக்கு,

சந்தோஷமா? டாக்டர் எல்லாம் பார்த்தார். காது நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றி, பிரஷர் இறங்கித் தலை சுற்றியதாம், வேறு கோளாறே இல்லையாம். நன்றாகத் தண்ணீர் குடித்தேன், ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் கிரேனை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வாசல் காவல். லாரி வந்தால் கதவைத் திறக்கிறேன், போனால் மூடுகிறேன். பக்கத்திலேயே குழாய், வேண்டிய மட்டும் குடிக்கலாம். கழுகு என்று கூப்பிட்டவர்கள் இப்போது “கேட்டைத் தொற” என்கிறார்கள். உன்னை நம்பிச் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாய்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். புதியவனும் காலையில் தண்ணீர் தொடுவதில்லை. நேற்று இறங்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். கீழே அதே இடத்தில் உன் தம்பி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போட்டுக்கொடுப்பது உங்கள் குடும்பத்து வேலை.

வாசல் காவல்காரன்

ஏப்ரல் 21

கடிதம் கைக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். புதியவரை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறான். பத்து மணிக்கு ஒருதடவை அவரை இறங்கவிடச் சொல்லி என்ஜினீயரிடமும் கேட்டிருக்கிறான். “இதுக்கென்ன, இறங்கிட்டுப் போகட்டும்”னு உடனே சொல்லிவிட்டாராம். புதியவருக்கு வேலை போகவில்லை. இப்போது தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஏறுகிறாராம்.

உங்களுக்கும் இதையே கேட்டு வாங்கியிருப்பான். நீங்கள்தான் அவனிடம் மூச்சு விடாதே என்றீர்கள்.

என்னால் உங்கள் கிரேன் போனது நிஜம். அதற்காக நீங்கள் எத்தனை வருஷம் திட்டினாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் தலைக்கு மேல் சுமை ஆடும் என்று தெரிந்தும் வாய் மூடி உட்கார்ந்திருந்தீர்களே. அதை எழுதியும் அனுப்பினீர்களே. அப்படிப்பட்டவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால்தான் கடிதத்தின் தலைப்பில் ஒன்றும் எழுதவில்லை.

லீவுக்கு அவன் மட்டும் வரட்டும்.

அவன் அக்கா