மாபுலெங் வைத்த பெயர்

3 யூலை 2025, வியாழன். ஹனோவர்

லெசோத்தோவிலிருந்து யதுசா அழைத்தாள். அங்கே ஒரு மலைக்கிராமச் சுகாதார நிலையத்தில் தாதியாகச் சேர்ந்து இது இரண்டாவது மாதம். பேசிக்கொண்டிருக்கையில், அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி மாபுலெங் உள்ளிருந்து “இன்ச்சா!” என்று கூப்பிட்டாள். மகள் சிரித்தபடி எழுந்து போனாள்.

அவர்களின் செசோத்தோ மொழி அகராதியில் பார்த்தேன். நாய்.

என் மகளை நாய் என்கிறார்கள்.

4 யூலை

அவளை அனுப்பிய நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதினேன்.

“முதல்ல பிள்ளையிட்டைக் கேளுங்கோவன்” என்றாள் மனைவி சுபானி.

நான் மின்தூக்கிகளைப் பரிசோதிப்பவன். பழுதைக் கண்டால் மின்தூக்கியிடம் விளக்கம் கேட்பதில்லை.

9 யூலை

மகள் அழுதாள்.

“என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? அவவின்ரை ரண்டு பொம்பிளைப் பிள்ளையளும் செத்துப்போச்சினம். அதுக்குப் பிறகு வாற பிள்ளைக்கு இஞ்சை இப்பிடித்தான் பேர் வைப்பினம். நாய்தானே எண்டு சாவு விட்டிட்டுப் போயிடுமாம். நான் அவவுக்கு மூண்டாவது மகள், அப்பா.”

அங்கே பெற்றவரைப் பிள்ளையின் பெயரால் அழைப்பது வழக்கம். மாபுலெங் என்றால் புலெங்கின் தாய். புலெங் இறந்த பின்னரும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

நிறுவனம் மாபுலெங்கைக் கண்டித்துவிட்டது. இப்போது ‘யதுசா’ என்றே அழைக்கிறாளாம்.

14 யூலை

யதுசாவுக்கு நியூமோனியா. அங்கே குளிர்காலம், பனி கொட்டி மலைப்பாதை மூடிவிட்டது, அம்புலன்ஸ் ஏற முடியாது. மருந்து உண்டு, ஒட்சிசன் இல்லை என்று தலைமைத் தாதி சொன்னார்.

பெயருக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. மறுபடியும் எழுதுகிறேன்: தொடர்பில்லை.

15 யூலை

இணைப்புக் கிடைக்கவில்லை.

16 யூலை

இன்றும் இல்லை. “அந்த மனிசி காவலுக்கு வைச்ச பேரைப் பறிச்சுப்போட்டியள்” என்றாள் சுபானி.

ஏன் எழுதினனான்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே — ஏலாது, இனி எழுத ஏலாது.

17 யூலை

இணைப்புக் கிடைத்தது; மகளின் கைபேசியை மாபுலெங் எடுத்தாள். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம்தான் தெரியும். “யதுசா…” என்று கவனமாகத் தொடங்கினாள்.

இடைமறித்தேன். “நோ. இன்ச்சா. மை டோட்டர், இன்ச்சா. ப்ளீஸ்.”

அவள் உள்ளே திரும்பி, வீடு முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். பதிலுக்கு ஓர் இருமல் கேட்டது.

20 யூலை, ஞாயிறு

பாதை இன்னும் திறக்கவில்லை.

“யதுசாவுக்குக் காய்ச்சல்…” என்று தொடங்கினாள் சுபானி.

“அந்தப் பேரைச் சத்தமாய்ச் சொல்லாதையும்” என்றேன்.

நாய் இன்று அரைக் கோப்பை சோளக்கஞ்சி குடித்தது.