உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு சொல்

ரீச்சர்,

இன்றைக்குக் காலையில் குளக்கட்டில் நிற்கும்போது போன் சிணுங்கியது. ஊரார் சேர்ந்து எழுதும் எங்கள் பள்ளிக்கூட விக்கித் தளத்தில் உடையார்கட்டு என்ற ஊரின் பக்கத்தை யாரோ திருத்திவிட்டதாகச் செய்தி. நீங்கள் கண்மூடிப் போன பிறகு அந்தப் பக்கத்துக்குத் தலைமைக் காவலாளி நான்தான் என்று அக்கராயன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் நியமிக்கவில்லை. அதற்கென்ன?

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டது. திரும்பக் கணினி அறைக்குள் இழுத்து வந்தது நீங்கள். "பிள்ளையளுக்குப் புத்தகம் மட்டும் காணாது, அண்ணை. ஊர்க்கதை தெரிஞ்ச ஆக்களும் சேர்ந்து எழுதவேணும். ஒராள் எழுதினதை மற்றாள் திருத்தலாம், கோவிக்கக்கூடாது" என்றீர்கள். குளத்துப் பக்கத்தில் ஒற்றை விரலால் முதலைக் கதையை எழுதினேன். மாட்டு வண்டில் நீள முதலை. வாலைப் பிடித்துச் சுழற்றிக் கரையில் எறிந்தவன் நான். மறுநாள் அதற்குக் கீழே ஒரு பெண்பிள்ளை "ஆதாரம் தேவை" என்று போட்டிருந்தாள்.

"ஆதாரம் நான்தானே, ரீச்சர்!"

"முதலையும் வந்து ஓமெண்டு சொன்னால் விடுறம், அண்ணை."

வகுப்பே சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்துக் காண்பது அரிது. அதற்காகவே வாரத்துக்கு வாரம் என் முதலை நீண்டது.

உடையார்கட்டுப் பக்கம் எழுதிய நாளில் சிரிப்பில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் சன நெரிசலுக்குள் உங்கள் மகன் கையைவிட்டுத் தவறிப்போனது அங்கேதான். பிள்ளைகள் வெளியே போனதும் கேட்டீர்கள்: "நீங்கள் எல்லாத்தையும் கண்ட ஆள், அண்ணை. அந்தச் சனத்துக்குள்ளை என்ரை பிள்ளையைக் கண்டனீங்களோ?"

வாயில் முதலைக்கதை மாதிரி ஒரு கதை வந்துவிட்டது, ரீச்சர். வவுனியா முகாம், தண்ணீர் வரிசை, நீலச் சேட்டு... விழுங்கிவிட்டேன்.

"காணேல்லை, ரீச்சர்."

தலையை ஆட்டினீர்கள். மகனின் பெயரை எழுதி, பக்கத்தில் "தேடப்படுகிறார்" என்று நீங்களே போட்டீர்கள்.

அந்தச் சொல்தான் இன்றைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் "காலமானார்" என்று இருந்தது. சைக்கிளை மிதித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மாற்றியவள், முதலைக்கு ஆதாரம் கேட்டவளின் தங்கை.

"ரீச்சரே இல்லை, மாமா. இனி ஆர் தேடுறது? பக்கத்தை ஒழுங்கா முடிப்பமெண்டு நினைச்சனான்."

"செத்ததுக்கு ஆதாரம் எங்கை, பிள்ளை?"

"உயிரோடை இருக்கிறதுக்கு உங்களிட்டை இருக்கோ?"

கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். விக்கியில் பழைய எழுத்து அழியாமல் அடியில் கிடக்கும் என்று காட்டித் தந்தது நீங்கள்தானே. தேடி எடுத்து, உங்கள் சொல்லைத் திரும்ப மேலே வைத்தேன். திருத்தியதற்கு என்ன காரணம் என்று திரை கேட்டது. அந்தப் பெட்டிக்குள் நான் ஒரு பாரதமே எழுதக்கூடியவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

"நான் தேடுகிறேன்" என்று மட்டும் எழுதினேன்.