ஊசிக் கைக்குப் பட்டைத் தண்ணீர்

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் காலரா ஊசி போட்டார்கள். இடது தோள் வீங்கிக் கனக்கிறது. அதன்மேல் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன். தெருவில் ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி ஒன்று தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகிறது. அந்த வாசனை உள்ளே வந்ததும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் நாம் ஒரே பெஞ்சில் இருந்தோம். ஊசியைப் பார்த்து வகுப்பே அழுதது, நானும் அழுதேன். நீ மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி கையை நீட்டினாய். "இவளைப் பாருங்கள்" என்றார் டீச்சர். அதுவரை அந்த வார்த்தையை என்னைக் காட்டித்தான் சொல்லியிருக்கிறார்.

நம் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டே, ஊசி போட்ட கையில் ஆளுக்கு ஓர் அடி, கத்தாதவள் ராணி என்று. மற்றவர்கள் உன்னைத் தொட்டது போல் தட்டினார்கள். நான் மறுநாள்வரை காத்திருந்தேன். வீக்கம் நன்றாக ஏறிய பிறகு, ஊசி குத்திய இடத்தையே பார்த்து அடித்தேன். என் நகம் கீறி ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"இன்னாடி, கணக்குல உன்னவிட ஜாஸ்தி வாங்கிட்டேனா?" என்று சிரித்தாய். கண்ணில் தண்ணீர் நின்றது. கத்தவில்லை.

சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். வீக்கம் இன்னும் குறையவில்லை. உன் அப்பா, தான் வேலை செய்யும் ஷாப்பிலிருந்து ஒரு சட்டியில் தோல் ஊறிய பட்டைத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். தொட்டியில் வேலை செய்கிறவர்கள் கைகால் வீங்கினால் அதைத்தான் கட்டுவார்களாம். "தோலையே இறுக்குற தண்ணி. இந்த வீக்கத்த இறுக்காதா?" என்றார்.

உன் அம்மா தயங்கினார்கள். "ஊசி போட்டவரு பச்சத் தண்ணியில துணிய நனச்சுப் போட்டாப் போதும்னாரே. நீ படிக்கிற பொண்ணு, நீயே சொல்லும்மா."

மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். துவர்ப்பு சதையைச் சுருக்கும் என்று சயன்ஸ் புத்தகத்தில் படித்திருந்தேன். "பச்சைத் தண்ணீரில் என்ன சத்து இருக்கிறது? பட்டைத் தண்ணீர்தான் சரி. மூன்று வேளையும் இறுக்கிக் கட்டுங்கள்" என்றேன். சட்டியில் தோலின் கொழுப்பு மிதந்தது. பார்த்தேன். புத்தகத்தில் கொழுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். வெயிலில் வந்த பெண் என்று மூலையிலிருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். ஜில்லென்று இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"திங்கக்கெழமக்குள்ள வடிஞ்சிடும் இல்ல?" என்று கேட்டாய். "மறுபடியும் அடிப்பாளுங்கடி."

"வடிந்துவிடும்" என்றேன்.

திங்கட்கிழமை நீ வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றினார்கள். கீறின இடத்திலிருந்து முழங்கைவரை கறுத்திருந்தது. கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "இன்னும் இறுக்கிக் கட்டணுமாடி?" என்று கேட்டாய். வண்டி போய்விட்டது. நீ திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு உன் அம்மாவிடம் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "நீ சொன்ன மாதிரியேதாம்மா கட்டுனோம். ஒரு வேளகூட விடல."

அந்த நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டே இருக்கிறேன். அது வளர்ந்துகொண்டே இருக்கிறது.

நேற்று ஊசி போட்டவரும் பச்சைத் தண்ணீர்தான் சொன்னார். துணியை நனைத்துப் போட்டேன். காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. இதை எழுத ஆரம்பித்தபோது கையைத் தூக்க முடியாமல் இருந்தது. இப்போது தூக்க முடிகிறது. வீக்கம் பாதி வடிந்துவிட்டது.

இதே பச்சைத் தண்ணீர்தான் அன்று உன் வீட்டுப் பானையிலும் இருந்தது. நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.