இறந்தவனின் நண்பன்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். புது ஊருக்குக் குடிவந்துவிட்டோம். நீ அந்தப் பேருந்து ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்ட படம் பழைய தெருவில் கைக்குக் கை போன பிறகு, அப்பாவின் மளிகைக் கடைக்கு யாரும் வரவில்லை. கடைச் சுவரில் உன்னைப் பற்றி எழுதியிருந்ததை நான்தான் தேய்த்துக் கழுவினேன்.

பக்கத்து வீட்டம்மா முதல் நாளே, "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். "ஒரு பொண்ணுதான். பையன் வெளிநாட்டுல தவறிட்டான்" என்றுவிட்டார் அப்பா. அந்த அம்மா அழ, நம் அம்மாவும் அழுதாள். அது நடிப்பில்லை, தம்பி.

கோபித்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 19

அன்பு அக்கா,

கோபமில்லை. படித்துச் சிரித்தேன், அப்புறம் சோறு இறங்கவில்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கப் போகும் கட்டடத்தில் ஒரு கிழவர், "உன் வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்பார். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த அம்மாளுக்கு, பெயரில் எழுத்துப்பிழை வரக்கூடாதே என்பது மட்டும்தான் கவலை. அதே காரியத்துக்கு அங்கே என்னைச் சாகடித்தாயிற்று.

அம்மாவை ஒருதரம் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் வருகிறேன்.

தம்பி

மார்ச் 30

தம்பி,

வராதே என்றால் கேட்கவா போகிறாய்? அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "அவனோட சிநேகிதன்னு சொல்லிக்கிட்டு வரச் சொல்லு" என்றாள். கூடத்தில் மாட்டியிருப்பது உன் பள்ளிக்கூடப் படம்தான். யாருக்கும் அடையாளம் தெரியாது.

அக்கா

ஏப்ரல் 26

அன்பு அக்கா,

நான் வந்த அன்றைக்கு நீ வேலை செய்யும் மருந்துக் கடையில் உனக்கு விடுப்புக் கிடைக்காததால் நடந்ததை நானே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டம்மாதான் கதவைத் திறந்தார். "இறந்துபோன பையனோட சிநேகிதனா? உள்ள வாப்பா" என்றார். என் படத்துக்குக் கீழேயே உட்காரவைத்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பாவம், உடம்புக்கு என்னவாம்?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருந்தான்" என்றேன்.

அம்மா தரையைப் பார்த்தபடி, "தனியாவா இருந்தான்?" என்றாள்.

"இல்லம்மா. பார்த்துக்க ஒருத்தர் இருந்தார். தங்கமான மனுஷன்."

"வேளைக்குச் சாப்பிட்டானா?"

"அவர்தான் சமைச்சுப் போடுவார்."

உள்ளறையில் அப்பா இருமும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

கிளம்பும்போது பக்கத்து வீட்டம்மா அம்மாவின் தோளைத் தொட்டு, "இனிமே இந்தத் தம்பியையே உங்க பையனா நினைச்சுக்குங்க" என்றார்.

அப்போதுதான் அம்மா என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அதெப்படிங்க முடியும்? அவன்தான் போயிட்டானே" என்றாள். சொல்லிக்கொண்டே என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேன், அக்கா. அங்கே படத்தில் இருக்கிறவன் இருந்துவிட்டுப் போகட்டும். அவனுக்காக அழ அம்மா இருக்கிறாள். அவனைப் பற்றி அக்கம்பக்கத்தார் நல்லதாகத்தான் பேசுகிறார்கள். இங்கே எனக்கு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் லிஃப்டுக்குள் தனியாக வேலை செய்யும்போது அவன்மேல் பொறாமையாக இருக்கிறது.

நீயாவது எனக்கு எழுது.

தம்பி