ஒன்பதாவது கேள்வி

முலாஞ்சே,
ஜூன் 19, புதன் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

எஸ்நாத் வணக்கத்துடன் எழுதுவது. சொம்பாவில் பயிற்சி நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். இங்கே சிப்பெரோனிக் குளிர்காற்றும் தூறலும் நான்கு நாளாக விடவில்லை. தங்கைக்கு இருமல் குறைந்திருக்கிறது. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

உங்கள் நீலக் குறிப்பேட்டை மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல என்னென்ன கேட்க வேண்டும் என்று முதல் பயிற்சியில் எழுதினீர்களே, அது. இப்போது அது அம்மாவிடம் இருக்கிறது.

ஜாமீனில் வந்த சவுலோசி மாமா நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். தினமும் நான் பள்ளி விட்டு வந்ததும், சோள மாவில் சீமா கிண்டுவதற்கு முன்னால், அம்மா என்னை அவர் எதிரே உட்கார வைக்கிறாள். குறிப்பேடு ஆங்கிலத்தில் இருப்பதால் நான்தான் டாக்டராம். நான் கேட்க வேண்டும், மாமா பைத்தியம் போலப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன். "வியாழன்" என்றார். அம்மா அகப்பையால் பானையைத் தட்டினாள். "சரியாச் சொன்னா எப்படிண்ணே? பைத்தியத்துக்குக் கிழமை தெரியுமா?" "அப்போ சனிக்கிழமை மட்டும் எப்படிடா கரெக்டா வர்றேன்னு சாராயக்காரி கேப்பாளே தங்கச்சி!" இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு நாற்காலியைத் தூக்கி அடிக்க வேண்டும் போல இருந்தது.

நடிப்பவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இந்த முறை கற்றுத்தருவார்கள் என்றீர்கள். அதற்கு சொம்பா வரை போயிருக்கவே வேண்டாம் அப்பா, நம் சமையலறையிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. எலினா வருவதில்லை. தேயிலை நிலத்து எல்லைத் தகராறில் மாமா அவள் அப்பா வைசனின் வலது கையை மணிக்கட்டோடு வெட்டிய பிறகு, அவரால் சைக்கிளில் கூலிக்கு ஆள் ஏற்றிப்போக முடியவில்லை. எலினா சந்தையில் மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்கிறாள். நேற்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, உங்க மாமாவுக்குப் பைத்தியமாமே? என்னிக்கிலேருந்து?" ஓடி வந்துவிட்டேன். அவருக்குப் பாடம் நடத்துவதே நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஒன்பதாவது கேள்விக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். குற்றம் செய்த உடனே என்ன செய்தார்? போன வெள்ளிக்கிழமை அதைக் கேட்டபோது மாமா நடிக்க மறந்துவிட்டார். "ஆத்துல எறங்கி சட்டைய அலசினேன். ரத்தத்தோட வீட்டுக்கு வர நான் என்ன பைத்தியமா?" அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயோ அண்ணே, அதைச் சொல்லிடாதீங்க. ஒண்ணுமே ஞாபகமில்லேன்னு சொல்லுங்க." இப்போது அப்படித்தான் சொல்கிறார். கண்ணீர்கூட வருகிறது. சோப்பைக் கடித்துத் தின்று காட்டுகிறார். அந்த வெள்ளிக்கிழமை நான் அங்கே இல்லாதிருந்தால் நானே நம்பியிருப்பேன்.

அன்று மாமா என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "என் மருமக வாயைத் தொறக்க மாட்டா. பத்தும் வேணுமில்ல அவளுக்கு?" அம்மா அதற்கும் சிரித்தாள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். இந்த மாவட்டத்தில் இந்தப் பயிற்சி பெற்ற ஒரே நர்ஸ் நீங்கள். அறிக்கை எழுதும் வேலை உங்களிடம்தான் வரும். "உங்கப்பாதானே எழுதப்போறாரு. நம்ம நிலத்துல குடியிருந்துக்கிட்டு என் அண்ணனுக்கு எதிரா எழுதிடுவாரா?" என்கிறாள் அம்மா. நீங்கள் அப்படி எழுத மாட்டீர்கள் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். குடும்பத்துக்கு மாமாதான் தலைவர், என் கல்யாணம்கூட அவர் சொல்லித்தான் நடக்கும், அவர் எதிரே நீங்கள் குரல் உயர்த்தியதே இல்லை. எல்லாம் எனக்கும் தெரியும். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் பொய்க்கும் கையெழுத்துப் போட வேண்டுமா?

அவர் என் மனைவியின் அண்ணன், வேறு ஒருவரை அனுப்புங்கள் என்று நீதிபதியிடம் சொல்லிவிடுங்கள். வருகிறவர் ஆற்றைப் பற்றிக் கேட்கட்டும். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று முதலில் எழுதினேன். மேலே அடித்திருக்கும் வரி அதுதான். சொல்லுங்கள் அப்பா. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் வந்து என்னையும் தங்கையையும் இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

உங்களைக் கடவுள் காக்கட்டும். எங்களை நீங்கள்தான் காக்க வேண்டும்.

உங்கள் மகள்,
எஸ்நாத்