அரைப்பக்கம்

மார்ச் 3

எக்ஸ்பிரஸ் அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலம் என்பது போன வாரம் அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்துவிட்டது, இரண்டு பேருக்கும் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. போனில் பேசக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் உங்களோடு பேசினால் "ம்" என்பதற்கு மேல் எனக்கு இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

உங்கள் நான்காவது நாவலைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகனுக்கு வலது கை உடைந்து மாவுக்கட்டுப் போடுகிறீர்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் அதே கையால் டென்னிஸ் ஆடி ஜெயிக்கிறான். கட்டை யார் பிரித்தது? நானே நாலு வரி எழுதிப் பிரித்துவிட்டேன். அவன் தங்கைக்கு மூன்று இடத்தில் மூன்று வயது. நடுவில் இருப்பதை வைத்துக்கொண்டேன்.

அண்ணி, இதுதான் நான் திருத்தும் கடைசி நாவல். கோபமெல்லாம் இல்லை. என் நாவலையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனி எழுத்துப் பக்கமே போவதாக இல்லை.

கதை உங்களுக்குத் தெரியும். போன முறை உங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்தபடி சொன்னேனே. நான் வேலை பார்க்கும் பேருந்து நிலையத் தொலைந்த பொருள் அறை மாதிரி ஓர் அறை. திங்கட்கிழமைதோறும் ஒருவர் வந்து, தொலைத்த குடை கிடைத்ததா என்று கேட்கிறார். அவர் குடை எதையும் தொலைக்கவில்லை. கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு அது தெரியும். அவ்வளவுதான். முடிவு எனக்கே தெரியாது. உங்கள் கல்யாணம் ஆன வருஷம் ஆரம்பித்தேன். உங்கள் மகள் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டாள், நான் அரைப்பக்கத்தில் இருக்கிறேன்.

போன வாரம் டிக்கெட் கவுண்டர் தோழிக்கு அந்த அரைப்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ரசித்துத்தான் கேட்டாள். பிறகு, "இதைத்தானே போன வருஷமும் படிச்சுக் காட்டினே?" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. முதல் வரியில் 'திங்கட்கிழமை'யை முன்னால் வைத்ததும் பின்னால் வைத்ததும் தவிர அந்த ஒரு வருஷத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை, அண்ணி.

அறைக்கு ஒரு பல்செட் வந்திருக்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் பல் டாக்டருக்குத் தேவையா?

அன்புடன்,
நீங்கள் வைத்த பெயரிலேயே,
அரைப்பக்கம்

மார்ச் 9

அடியே அரைப்பக்கம்,

உள்ளே ஒருவருக்கு ரூட் கனால் நடக்கிறது, எனக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் இந்தக் கடிதம் முடிந்தாக வேண்டும். பல்செட்டை நீயே வைத்துக்கொள், வயதான பிறகு உதவும்.

மாவுக்கட்டைப் பிரித்ததற்கு நன்றி. அந்த நாலு வரியும் என் நாவலில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருப்பதாக உன் அண்ணன் சொல்கிறார். அவருக்கு இன்று சாப்பாடு கிடையாது.

எழுத்தை விடுகிறேன் என்றெல்லாம் பேசாதே, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எப்படி எழுதுகிறேன் என்று பார்த்திருக்கிறாய் அல்லவா? வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் ஒரு பக்கம். திரும்பிப் பார்த்தால் பயம் வந்துவிடும், அதனால் பார்ப்பதே இல்லை. எழுதுகிறவளுக்கு முதலில் வேண்டியது முழுசாக ஒரு குப்பை. குப்பை இருந்தால்தானே பெருக்க முடியும்? நீ வெறும் தரையை இத்தனை வருஷமாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறாய்.

சரி, நீ எழுதவில்லை என்றால் அந்தக் கதையை எனக்குக் கொடுத்துவிடு. பரணில் கிடந்து யாருக்கு என்ன லாபம்? நான் எழுதுகிறேன். வெளியே வந்துவிட்டார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பில் போட வேண்டும்.

அவசரமாக,
அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதிக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டிருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணை மட்டும் அழ வைக்காதீர்கள்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இந்த மூன்று வரியையும் பலமுறை எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது.

அரைப்பக்கம்

மே 12

என் செல்ல நாத்தனாருக்கு,

முடித்துவிட்டேன்! கட்டாக இத்துடன் வருகிறது. உன் கதைதான், ஆனால் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று சில இடங்களில் கை வைத்திருக்கிறேன். பேருந்து நிலையத்தை விமான நிலையமாக்கிவிட்டேன். குடைக்காரருக்கு முப்பத்திரண்டு வயது, அறுபது வயதுக்காரர் கவுண்டரில் வந்து நின்றால் யார் பக்கத்தைப் புரட்டுவார்கள்? முதல் அத்தியாயத்திலேயே நல்ல மழை. ஏழாம் அத்தியாயத்தில் கல்யாணம். பிறகுதான் திருப்பம்: அவர் ஏன் வாரா வாரம் குடையைத் தேடுகிறார் தெரியுமா? பிடிக்குள் வைரம்!

அவள் ஓர் இடத்தில் அழுகிறாள். ஆனந்தக் கண்ணீர்தான், அது கணக்கில் வராது.

பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் கேட்கிறார். உன் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன். தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் இரண்டு வரி எழுது. திருத்தச் சொல்லவில்லை, நீதான் விட்டுவிட்டாயே.

பெருமையுடன்,
அண்ணி

மே 21

அண்ணி,

விமான நிலையமா? வைரமா? இதைப் பதிப்பாளரிடம் கொடுத்தீர்கள் என்றால் உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன். அண்ணன் வந்து கெஞ்சினாலும் சரி. கொடுத்தது நான்தான், தெரியும், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு வரியில் சொல்லக்கூடிய தப்பா இது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் அந்த அறை. நீங்கள் எழுதியிருக்கிற கண்ணாடிக் கதவெல்லாம் கிடையாது. கழிப்பறைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது. கவுண்டர் ஜன்னல் பாதிதான் திறக்கும், அதனால் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் குனிந்துதான் கேட்க வேண்டும், பொருளைத் தொலைத்ததற்குத் தண்டனை மாதிரி. உள்ளே குடைகள் ஒரு டிரம்மில் நிற்கும். ஒற்றைச் செருப்புகள் சாக்கில். யாரோ விட்டுப்போன பை ஒன்றில் அலாரம் தினமும் மத்தியானம் அடிக்கும், பூட்டு இருப்பதால் யாராலும் அதை நிறுத்த முடியாது.

அடுத்து அவர். அறுபதைத் தாண்டியவர். பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் கவுண்டருக்கு வருவதற்கென்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிறவர். முதல் திங்கட்கிழமை குனிந்து, "கறுப்புக் குடைம்மா, பஸ்ஸுல விட்டுட்டேன்" என்கிறார். டிரம்மில் இருப்பதெல்லாம் கறுப்பு. "பிடி எப்படி இருக்கும் சார்?" என்று அவள் கேட்கிறாள். அவரிடம் யாரும் அவ்வளவு அக்கறையாக ஒன்றைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. "யோசிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று போய்விடுகிறார். அடுத்த வாரம் வந்து, "மரப்பிடி" என்கிறார். அதற்கடுத்த வாரம், "மரப்பிடிதான். ஆனா நுனியில சின்னதா ஒரு பல்லு பட்ட தடம் இருக்கும்." பிறகு ஒரு கம்பியில் பச்சை நூல் கட்டியிருக்கிறது. பிறகு, "போன வாரம் தப்பா சொல்லிட்டேன்மா, பட்டன் வெள்ளை இல்ல, சந்தனக் கலர்." வாராவாரம் அந்தக் குடை வளர்கிறது. அதற்காகத்தான் வருகிறார். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை!

அவளுக்கு எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? ஒரு திங்கட்கிழமை அவர் தொப்பலாக நனைந்து வருகிறார். "அது கிடைக்கிற வரைக்கும் வேற ஒண்ணு வாங்கிக்கலாமே சார்?" என்கிறாள். "எனக்குக் குடை பிடிச்சே பழக்கம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவள் காதில் விழாத மாதிரி ரிஜிஸ்டரைப் புரட்டுகிறாள். பிறகு, "துணி ஒத்தையா, ரெட்டையா சார்?" என்று கேட்கிறாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது. இதை விட்டுவிட்டு வைரத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்களே!

முடிவும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டு வரும்வரை எனக்கே தெரியாது, உங்கள் ஏழாம் அத்தியாயத்தைப் படித்த கொதிப்பில் பஸ்ஸில் வரும்போது வந்தது. ஒரு நாள் கண்டக்டர் ஒருவர் ஒரு குடையைக் கொண்டுவந்து போடுகிறார். மரப்பிடி. பல் பட்ட தடம். பச்சை நூல். சந்தன நிறப் பட்டன். அவள் ஒவ்வொன்றையும் இரண்டுமுறை தொட்டுப் பார்க்கிறாள். டிரம்மில் போடாமல் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். திங்கட்கிழமை அவர் குனிந்ததும் எடுத்து நீட்டுகிறாள். அவர் விரிக்கிறார், சுற்றிப் பார்க்கிறார், மடக்குகிறார், பட்டனைப் போடுகிறார். "ரொம்ப நல்ல குடைம்மா" என்கிறார். "ஆனா இது இல்ல. அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்." மழையில் இறங்கிப் போய்விடுகிறார்.

நடுவில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அவளுடைய வீடு, அந்த அலாரம் ஒரு நாள் நின்றுபோவது, கண்டக்டர் கதை. எல்லாம் அடுத்த தாள்களில் இருக்கிறது. நாலு நாளாக இதே வேலை. தாள் தீர்ந்துபோய்ப் பழைய பஸ் கால அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வெட்கப்படுங்கள்.

நாத்தனார்

ஜூன் 2

என் கோபக்காரிக்கு,

வெட்கப்பட்டேன். முதலில் ஒரு மூச்சு அழுதேன், அது வேறு.

நீ அனுப்பிய கட்டை வரவேற்பு மேஜையில் வைத்துப் படித்தேன். அடுத்தவரைக் கூப்பிடவே மறந்துபோயிற்று. ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "மேடம், என் பல்லு" என்றார். "ஒரு நிமிஷம் சார், குடை கிடைச்சிடுச்சு" என்று சொன்னேன். பாவம், வலியோடு ஒன்றும் புரியாமல் போய் உட்கார்ந்துவிட்டார்.

உன்னைக் கிளப்பிவிடத்தான் நான் வேண்டுமென்றே கெடுத்து எழுதினேன் என்று உன் அண்ணன் நினைக்கிறார். அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போக எனக்கும் ஆசைதான். ஆனால் சத்தியமாக இல்லை. வைரம் பிரமாதமாக இருப்பதாகவே நினைத்தேன். அதுதான் கொஞ்சம் வலிக்கிறது. இனிமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உன் கடிதத்தை முதல் தாளிலிருந்து கால அட்டவணை வரைக்கும் நானே டைப் அடித்தேன். நீ எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. 'அண்ணி' என்று கூப்பிட்ட இடங்களையும் என்னைத் திட்டிய இடங்களையும் மட்டும் எடுத்தேன். எடுத்துவிட்டுப் பார்த்தால் நாவல் இருக்கிறது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் கையால், நாலே நாளில், நிற்காமல், எவளோ ஒருத்தியைத் திட்டுகிற வேகத்தில் எழுதினாய். அங்கங்கே கோணலாக இருக்கிறது, இரண்டு கண்டக்டர்கள் ஒருவராகிவிட்டார்கள். அதெல்லாம் உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

பதிப்பாளரிடம் என்னுடையதைக் கொடுக்கவில்லை. விமான நிலையமும் வைரமும் எனக்கு, குடை உனக்கு. வைரத்தை ஒரு பெட்டிக்குள் மாற்றிவிட்டேன், இப்போது அது வேறு கதை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டு கையில் கிடைத்ததும் முதல் வரியில் உட்கார்ந்துவிடாதே. வாசற்படி மிதிக்க வா.

உன் வசவுக்குப் பாத்தியப்பட்ட,
அண்ணி

ஜூலை 6

என் அருமை அண்ணிக்கு,

கட்டு வந்தது. வீட்டில் ஆள் இல்லை என்று கூரியர்க்காரர் என் கவுண்டருக்கே கொண்டுவந்துவிட்டார். பாதி ஜன்னலில் குனிந்து, "உங்களோடதான்னு பாருங்க மேடம்" என்றார். பிரித்தேன், புரட்டினேன், ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தேன். நல்ல கட்டுதான், ஆனால் இது இல்லை, இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று என் வாயிலேயே வந்துவிட்டது, அண்ணி. சொல்லி முடிப்பதற்குள் நான் எழுதிய குடைக்காரரே என் எதிரில் வந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. அவரை எனக்கு இவ்வளவு நன்றாக எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். பிறகு கூரியர்க்காரரிடம், "என்னோடதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் திருத்தினேன். கண்டக்டர்களைப் பிரித்து இரண்டு பேராக்கினேன். முதல் வரியைக் கடைசியில்தான் தொட்டேன். இத்தனை வருஷம் முட்டிக்கொண்ட வரி அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது, ஏனென்றால் கதை எங்கே போய் முடிகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். டிக்கெட் கவுண்டர் தோழிக்குப் படித்துக் காட்டினேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. "இது போன வருஷம் கேட்டது இல்லையே!" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இன்று காலை பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, நடுவில் ஓர் இடத்தில் குடையின் பிடியை பிளாஸ்டிக் என்று விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் திரும்ப வாங்கலாமா என்று தபால் நிலைய வாசல்வரை போனேன். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அந்தப் பெட்டிக் கதையை எடுத்து வையுங்கள். கடைசி நாவல் என்று சொன்னது அப்போது. நீங்கள் யாருக்கு எந்தக் கையில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறீர்களோ, அதை யாராவது பிரித்துவிட வேண்டுமே.

இந்தக் கடிதத்தைத் திரும்பப் படிக்காமல் ஒட்டுகிறேன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

வேறு பெயர் யோசித்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கடைசியாக ஒருமுறை,
அரைப்பக்கம்