கனமான சட்டிதான் வேண்டும் என்றாள் அக்கா

என் அன்பு மச்சானுக்கு,

ஒரு சட்டி விஷயமாக எழுதுகிறேன். உங்களிடம் வேறு எதைப் பேச ஆரம்பித்தாலும் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் சட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த அந்த நீள்சதுரச் சட்டி போய்விட்டது. மேல்பூச்சு உரிந்து முட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அங்கே மெஷின் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வருகிறவர் பெட்டியில் என்ன வைத்திருப்பார் என்று வடகரப்பதி ஊரே எட்டிப் பார்த்தது. நீங்கள் எடுத்துக் காட்டியது ஒரு சட்டியும் இரண்டு நீளக் குச்சிகளும். ஞாயிற்றுக்கிழமையானால் நீங்களே அடுப்படிக்குப் போவீர்கள். முட்டையில் சர்க்கரையும் சோயா சாஸும் கலந்து, மெல்லிசாக ஊற்றிச் சுருட்டி, பக்கத்தில் மறுபடி ஊற்றி, அதன் மேலேயே மறுபடி சுருட்டி, கடைசியில் செங்கல் மாதிரி ஒன்றை எடுத்து வைப்பீர்கள். தமாகோயாகி என்பீர்கள். உங்கள் அம்மா அதை முட்டைப் பாய் என்பார். ஒரு நாளும் அத்தை அதை வாயில் வைத்ததில்லை. முட்டைக்குச் சர்க்கரை போடுகிறவனுக்கு மண்டையில் ஏதோ கழன்றிருக்கிறது என்பது அவர் முடிவு.

உங்கள் வருஷப் படையல் நேற்று முடிந்தது. போனவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். உங்கள் அப்பாவுக்கு ஆட்டுக்கறியும் பீடிக்கட்டும் வைத்தீர்களே. உங்களுக்கு எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அத்தையே முட்டைப் பாய் வைத்தாக வேண்டும் என்றார். யார் சுருட்டுவது என்பதில்தான் சண்டை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்களைக் கொண்டுபோன அந்த விபத்தில் அக்காவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது, பிடி திரும்பவில்லை. சொம்பைப் பிடித்தால் நழுவுகிறது. அதிலிருந்து அந்த வீட்டில் அவளை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. உங்கள் தம்பி மனைவி சுதா சோறு போட்டுக் கொடுக்கிறாள், அத்தை தலை பின்னி விடுகிறார். எல்லாம் பாசம்தான். ஆனால் யாராவது வந்து “கவிதா எப்படி இருக்கா?” என்று கேட்டால், அவள் பக்கத்திலேயே இருக்க, அத்தை பதில் சொல்கிறார். கை சரியாகும்வரை அவள் அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்ற பேச்சும் மெதுவாகக் கிளம்பியிருந்தது. அந்தக் கை இனிச் சரியாகாது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம், மச்சான்?

போன மாதம் படையலுக்கு யார் யார் என்ன செய்வது என்று பேசும்போது நானும் இருந்தேன்.

“நீ சும்மா இரு கண்ணு. எல்லாம் சுதா பாத்துக்குவா” என்றார் அத்தை.

“மத்ததெல்லாம் சுதாவே செய்யட்டுங்க அத்தை. முட்டை மட்டும் நான் சுருட்டறனுங்க.”

“ஒத்தக் கைல என்னத்தச் சுருட்டுவ?”

அக்கா வாசல் வரை என்னோடு வந்து, இருக்கிறதிலேயே கனமான சட்டி ஒன்று வேண்டும், வார்ப்பிரும்பில் பார் என்றாள்.

நான் கஞ்சிக்கோட்டில் வார்ப்பட ஆலையில் தரம் பார்க்கிறவன். வார்ப்பிரும்பு என்றால் என்ன என்று எனக்கே சொல்கிறாளா? கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். சூடேற நேரம் எடுக்கும். ஏறினால் இறங்காது. எல்லாவற்றுக்கும் மேலே எடை. அதன் பிடியைப் பிடித்துத் தூக்கினால் முழுப் பாரமும் மணிக்கட்டில்தான் இறங்கும். டம்ளர் நிற்காத கைக்கு அது எதற்கு? கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கோயம்புத்தூரில் தேடிப் பிடித்து, இருக்கிறதிலேயே இலேசான அலுமினியச் சட்டி வாங்கிப் போனேன். அறிவோடு தேர்ந்தெடுத்துவிட்டதாகப் பெருமை வேறு.

அத்தையும் சுதாவும் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம். அக்கா சட்டியை அடுப்பில் வைத்து முட்டையை ஊற்றினாள். இடது கையில் தோசைத் திருப்பி. ஓரத்தை நெம்பி ஒரு தள்ளு தள்ளினாள். முட்டை சுருளவில்லை. சட்டி ஓடியது. மறுபடி தள்ளினாள், சட்டி அரை வட்டம் திரும்பி பர்னரை விட்டு இறங்கப் பார்த்தது. நான் பாய்ந்து பிடியைப் பிடித்தேன்.

“நீ தெனமும் வந்து புடிப்பியா?” என்று கேட்டாள்.

அப்புறம்தான் சொன்னாள். வீட்டில் யாரும் இல்லாதபோது அடுப்பில் கிடந்த பெரிய தோசைக்கல்லில் முட்டை ஊற்றிப் பார்த்திருக்கிறாள். கல் அசையவில்லை. ஒரு கையாலேயே சுருட்ட வந்திருக்கிறது. வட்டக் கல்லில் ஓரச் சுவர் இல்லாததால் உருவம்தான் நிற்கவில்லை. தூக்க வேண்டிய சட்டியைப் பற்றி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது தூக்கவே வேண்டாத சட்டி. இன்னொரு கை செய்ய வேண்டியதை அந்தக் கனமே செய்துவிடும்.

எடையை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது ஏன் தோன்றவில்லை? தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு ஒழுங்காகத் தேடினேன். பாலக்காட்டுப் பாத்திரக் கடைக்காரர், நாலு மூலையுள்ள இரும்புச் சட்டி என்றதும் உண்ணியப்பம் சுடும் குழிச் சட்டியான காரையை எடுத்து வைத்தார். இதில் ஏழு குழி இருக்கிறது, வெறும் மூலையை வைத்து என்ன செய்வாய் என்றார். ஆன்லைனில் ஒன்றை வரவழைத்தேன். பிடி நீளம். காலிச் சட்டியாக அடுப்பில் வைத்ததுமே பின்பக்கமாகச் சாய்ந்தது. திருப்பி அனுப்பினேன். இன்னொன்றுக்குச் சுவர் செங்குத்தாக நின்றது, தோசைத் திருப்பி உள்ளே நுழையவே இடமில்லை. திருப்பி அனுப்பினேன். கூரியர்காரர் என் வீட்டு வாசலில் வண்டியை அணைப்பதையே விட்டுவிட்டார்.

கடைசியில் கிடைத்ததற்குப் பிடி கட்டை, அடி அகலம், ஓரச் சுவர் கொஞ்சம் வெளியே சரிந்திருக்கும். ஒன்றரைக் கிலோ. உள்ளே மணல் வார்ப்பின் சொரசொரப்பு இருந்தது. எங்கள் மெஷின் ஷாப்பில் கெஞ்சி, உள்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி வாங்கினேன். மூலைகளுக்குள் கருவி போகவில்லை, அங்கே மட்டும் முட்டை இன்னும் பிடிக்கும். நல்லெண்ணெய் தடவிக் காய்ச்சிக் காய்ச்சி அக்கா பழக்கினாள். தோசைக்கல் பழக்கத்தில் முதலில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்தாள். சர்க்கரை முட்டையில் வெங்காய வாசம். கொடுமை, மச்சான். பிறகு கத்திரிக்காய்க் காம்புக்கு மாறினாள்.

இவ்வளவு ஓடியும் எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தேடிக்கொண்டே இருந்தேன். சும்மா உட்கார்ந்தால் அந்த ரோடு வந்துவிடுகிறது. யூ டர்ன் சுற்ற அலுத்துக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் எதிர்ப்பக்கமாக வருவது கஞ்சிக்கோட்டில் எல்லாரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன். ஆனால் நீங்களா? ஆளே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள் என்று ஜப்பானைப் பற்றி எத்தனை தடவை என்னிடம் பாடம் எடுத்திருப்பீர்கள்? பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாளே. அன்றைக்கு உங்களுக்கு என்ன அவசரம்? இதை அவளிடம் கேட்க முடியாது. அத்தையிடமும் முடியாது. உங்களிடம்தான் கேட்க முடியும். நீங்களோ பதில் சொல்லப் போவதில்லை.

நேற்று காலை அடுப்படி நிறைய ஆட்கள். அக்கா உள்ளே வந்ததும் சுதா ஒதுங்கி இடம் விட்டாள். அத்தை நிலைப்படியிலேயே நின்றார். முதல் ஊற்று சரியாக வந்தது. கரண்டியின் முதுகால் தோசை மாவைப் பரப்புவது போல முட்டையைப் பரப்பினாள், சட்டியைச் சாய்க்கவே இல்லை. இரண்டாவதில் மூலை பிடித்துக்கொண்டது. திருப்பியை நுழைத்து அவள் சுரண்டச் சுரண்ட, முட்டை சிவக்க ஆரம்பித்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். என் கை தானாகப் பிடிக்குப் போய்விட்டது.

“கைய எடுடா.”

சத்தமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எடுத்தேன். சட்டி அசையாமல் நின்றது. அவள் தீயைக் குறைத்து, மூலையை நிதானமாக விடுவித்து, மிச்சத்தையும் ஊற்றிச் சுருட்டி முடித்தாள். ஒரு முனை கிழிந்திருந்தது, ஒரு பக்கம் நன்றாகவே கறுத்திருந்தது. நீங்களாக இருந்தால் இதை இலையில் வைத்திருக்க மாட்டீர்கள். அவள் வைத்தாள். அவளே எடுத்துப்போய், இடது கையாலேயே வைத்தாள். படையலுக்கு இடது கையா என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கும்பிட்டு முடிந்து எல்லாருக்கும் பங்கு வைத்தபோது அத்தை முதல் தடவையாக அதைத் தின்றார். நிறைய நேரம் மென்றார்.

“இதையா என்ற மகன் வாராவாரம் தின்னான்? பாயாசத்தை மடிச்சு வெச்சாப்பல இருக்குது” என்றார். ஆனால் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

“எனக்கும் புடிக்காதுங்க அத்தை. அவியளுக்காகத் தின்னுட்டு இருந்தேன்” என்றாள் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும், மச்சான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். நான் எழுந்து வெளியே போய், ஏற்கெனவே துடைத்திருந்த பைக்கை மறுபடி துடைத்தேன்.

நேற்று இரவு உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டு, இன்று காலை நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வயலில் களை எடுக்க ஆட்கள் வரும் நாள். வழக்கமாக அத்தை சுதாவைத்தான் எழுப்புவார். இன்று அக்கா படுத்திருந்த அறைக் கதவைத் தட்டினார்.

“எந்திரி கண்ணு. ஆளுக வந்துருவாங்க, கல்லுல தோசை ஊத்தோணும்.”

அக்கா எழுந்து போனாள். நான் அங்கேயே நின்று கேட்டேன். கல்லில் மாவு விழும் சத்தம், கொஞ்ச நேரத்தில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருளும் சத்தம். யாரும் ஓடவில்லை. நானும் ஓடவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மேல் இருக்கிற கோபம் போகும் என்று என்னால் வாக்குத் தர முடியாது. இன்னொன்றுக்குத் தருகிறேன். அக்கா கையிலிருந்து எதையும் இனி நான் பிடுங்க மாட்டேன். நழுவினால் நழுவட்டும். சிந்தினால் அவளே துடைத்துக்கொள்வாள். அவள் கேட்டால் மட்டும் வருவேன், கேட்ட பொருளையே வாங்கி வருவேன்.

என்றும் உங்களோடு சண்டைக்கு நிற்கும்,
உங்கள் கவிதாவின் தம்பி,
உங்கள் மாப்பிள்ளை.